மலைக்காற்றைத் தேர்ந்து சுவாசிக்கும் முறை: உயரம், நேரம், ஓசோன்

மலைக்குச் சென்றால் ஓசோன் நிறைந்த தூய காற்று கிடைக்கும், அது நுரையீரலுக்கு மருந்து போன்றது என்று சொல்லக் கேளாதவர் குறைவு. இந்தக் கூற்றில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மலைக்காற்று பெரும்பாலும் தூய்மையானது, உடலுக்கு நன்மை தருவது என்பது சரி. அந்த நன்மைக்குக் காரணம் ஓசோன் என்பது தவறு. புகையையும் தூசியையும் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு மேலே ஏறுபவரால் விட்டுவிட முடியாத மாசு ஒன்று உண்டென்றால் அது ஓசோன்தான். ஆகவே மலைக்காற்றின் பயனை முழுமையாகப் பெற விரும்புபவர், எந்த உயரத்துக்கு, எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் செல்வது என்பதை ஓசோனையும் கணக்கில் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பழைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் ஃபிரீட்ரிக் ஷோன்பைன், 1839ஆம் ஆண்டில் நீரை மின்சாரத்தால் பகுக்கும்போது எழுந்த ஒரு விசித்திர நெடியைக் கவனித்தார். 'மணத்தல்' என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஓசோன் என்று பெயரிட்டார். அது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு என்பதை 1865இல் ழாக் லூயி சோரே நிறுவினார். அழுகலிலிருந்து எழும் கெட்ட ஆவியே நோய்களைப் பரப்புகிறது என்று மருத்துவர்களில் பலர் நம்பிய காலம் அது. அந்த ஆவியை ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கக்கூடிய வாயு காற்றிலேயே இருக்கிறது என்றதும், அது மிகுந்த இடம் ஆரோக்கியமான இடம் என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று. கடற்கரை விடுதிகளும் மலைவாழிடங்களும் தங்கள் காற்றில் ஓசோன் மிகுதி என்று பெருமை பேசத் தொடங்கின. கடற்கரையில் வீசும் வாசனையில் பெரும்பங்கு கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தகச் சேர்மங்களுடையது என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் ஓசோனுக்கும் தொடர்பு இல்லை. இடி மின்னலுக்குச் சற்று முன்னதாகக் காற்றில் வரும் கூர்மையான நெடியில் மட்டும் மின்னல் உண்டாக்கிய ஓசோன் இருக்கலாம்.

கெட்ட ஆவியை அழிக்கும் என்று போற்றப்பட்ட அதே ஆக்சிஜனேற்றத் திறன் நம் மூச்சுப்பாதையில் என்ன செய்கிறது என்பதுதான் இங்கு முக்கியம். ஓசோன் நீரில் அதிகம் கரைவதில்லை. ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் முழுவதும் சிக்கிக்கொள்ளாமல் நுரையீரலின் ஆழம் வரை சென்று சேர்கிறது. அங்கே மூச்சுக்குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய திரவப் படலத்திலுள்ள கொழுப்புகளையும் புரதங்களையும் தாக்குகிறது. அப்படலத்தில் உள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்றவை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அவை தாங்கும் அளவு கடந்தால் அழற்சி தொடங்குகிறது. ஆழமாக மூச்சிழுக்கும்போது இருமல் வருதல், மார்பின் நடுவில் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மூச்சை முழுமையாக இழுக்க முடியாமை ஆகியவை இதன் அறிகுறிகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு எளிதில் தூண்டப்படுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இவை சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அறிகுறி மறைந்த பின்னும் உள்ளே அழற்சி சற்று நீடிக்கலாம்.

தலைக்கு மேல் உள்ளதும் மூக்கின் அருகே உள்ளதும்

வளிமண்டலத்தில் உள்ள ஓசோனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கிறது. 1913இல் ஷார்ல் ஃபாப்ரி, ஆன்ரி பியூசோன் ஆகிய இருவரும் அளந்து காட்டிய படலம் இதுதான். 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை காப்பதும் இதைத்தான். சூரியனின் புறஊதாக் கதிர்களில் தீங்கு மிக்கவற்றை அது வடிகட்டுகிறது. அப்படலம் இல்லையெனில் வாழ்வு இல்லை. ஆனால் எவரும் அதைச் சுவாசிப்பதில்லை. உலகின் மிக உயர்ந்த சிகரம்கூட அந்த அடுக்கின் கீழ்விளிம்பை எட்டுவதில்லை. 'ஓசோன் படலத்துக்கு அருகில் செல்கிறோம்' என்ற எண்ணத்தில் மலையேறுபவர் ஒன்றை நினைவில் வைத்திருக்கலாம்: 2,000 மீட்டர் ஏறிய பிறகும் அப்படலம் இன்னும் பல கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

நாம் சுவாசிக்கும் ஓசோனின் பெரும்பகுதி வேறு வழியில் உருவாகிறது. வாகனங்களும் மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், எரிபொருள், வண்ணப்பூச்சு, மரஞ்செடிகள் ஆகியவற்றிலிருந்து எழும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது அது பிறக்கிறது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் அது நேரடியாக வெளிவருவதில்லை. புகை காற்றில் பயணம் செய்யும் வழியில், சில மணி நேரம் கழித்து, பல கிலோமீட்டர் தள்ளித்தான் அது முழு அளவை எட்டுகிறது. அந்தத் தொலைவில் பெரும்பாலும் ஒரு மலைச்சரிவு இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சற்று நின்று கவனிக்க வேண்டியது அது. நகரத்தில் வாகனப் புகையாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனுடன் வினைபுரிந்து அதை அழித்துவிடுகிறது. போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையோரத்தில் மற்ற மாசுகள் எல்லாம் மிகுந்திருக்க, ஓசோன் மட்டும் குறைந்திருப்பதற்கு இதுவே காரணம். மலைமேல் அந்த அழிப்பான் இல்லை. இரவில் சமவெளியின் தரையும் செடிகளும் தரையோரக் காற்றிலுள்ள ஓசோனை உறிஞ்சித் தீர்க்கின்றன. உயர்ந்த முகடுகளிலோ மேலிருக்கும் காற்று தொடர்ந்து புதிய ஓசோனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே நகரத்தில் பகலில் ஏறி இரவில் இறங்கும் ஓசோன் அளவு, தனித்து நிற்கும் சிகரங்களில் இரவும் பகலும் பெரிய மாற்றமின்றி ஒரே மட்டத்தில் நிற்கிறது. வடகோளத்தின் உயரமான மலை நிலையங்கள் பலவற்றில் வசந்த காலத்தில் இந்த மட்டம் நூறு கோடியில் 40 முதல் 50 பங்கு வரை, அதாவது 40 முதல் 50 பிபிபி வரை, இருக்கும். உலக சுகாதார அமைப்பு எட்டு மணி நேரச் சராசரிக்கு வகுத்திருக்கும் வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது ஏறத்தாழ 50 பிபிபிக்குச் சமம். புதிதாக மாசு எதுவும் வந்து சேர்வதற்கு முன்பே மலைக்காற்று அந்த வரம்பை நெருங்கி நிற்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இது ஏட்டளவில் நிற்கும் கணக்கு அன்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1,917 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் சிகரத்தில் ஏறி இறங்கிய 530 பேரின் மூச்சுத்திறனை, ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓசோன் 50 பிபிபி கூடுதலாக இருந்தால், ஒரு நொடியில் வலிந்து வெளிவிடும் காற்றின் அளவு சராசரியாக 2.6 விழுக்காடு குறைந்தது. ஆஸ்துமாவோ இளைப்போ இருந்தவர்களிடம் அக்குறைவு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் வானளாவிய மரங்களுக்கு நடுவே நின்று மூச்சிழுப்பவர், அடிவாரச் சமவெளியின் புகையிலிருந்து வெயில் சமைத்த ஓசோனையும் சேர்த்தே இழுக்கிறார். காட்சியின் தூய்மையைக் காற்றின் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

மலைக்காற்று உண்மையில் எதனால் நன்மை தருகிறது

ஓசோனைக் குறை கூறிவிட்டதால் மலைக்குச் செல்வதே வீண் என்று முடிவு செய்துவிட வேண்டாம். இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் நுரையீரல் நோய்க்கும் காரணமாகும் காற்று மாசுகளில் முதலிடம் நுண்துகள்களுக்கே உரியது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய அத்துகள்கள் மலைமேல் பெரும்பாலும் வெகுவாகக் குறைகின்றன. மூடிய பள்ளத்தாக்குகளும் காட்டுத்தீக் காலமும் விதிவிலக்குகள். உயரம் கூடக் கூட மகரந்தத்தின் அளவும் பருவமும் சுருங்குகின்றன. ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு முக்கியத் தூண்டுதலான தூசிப் பூச்சி, ஈரப்பதம் இல்லாமல் வாழ முடியாதது. ஆல்ப்ஸ் மலைகளில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல் குளிர்ந்த உலர்ந்த காற்றில் அது அரிதாகிறது. சுவிட்சர்லாந்தில் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாவோஸ் நகரில் ஆஸ்துமா நோயாளிகளைச் சில வாரங்கள் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மரபு நிலைத்ததற்கு இதுவே அடிப்படை. அவர்களுடைய மூச்சுக்குழாய் அழற்சி தங்கியிருக்கும் வாரங்களில் குறைவதும், கீழே இறங்கிப் பழைய படுக்கைக்கும் பழைய தூசிக்கும் திரும்பிய பின் மீண்டும் தலைகாட்டுவதும் கவனிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு நாள் பயணத்தில் ஆஸ்துமா குணமாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கு கிடைக்கும் நல்ல உறக்கத்தையும் நடையையும் மன அமைதியையும் மட்டும் எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றம் இராது.

ஈரப்பதம் மிகுந்த மலைகளுக்குத் தூசிப் பூச்சி பற்றிய இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் மூடுபனியும் மழையும் உள்ள மலையில், பூசணம் பிடித்த சுவரும் நமுத்த மெத்தையும் கொண்ட அறையில் தங்கினால், ஒவ்வாமை உள்ளவருக்கு வீட்டைவிடத் துன்பமே கூடும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது சன்னலின் காட்சியைவிடச் சுவரின் மூலையைப் பார்ப்பது நல்லது.

காசநோய்க்கு மலைக்காற்றே மருந்து என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. ஓய்வு, நல்ல உணவு, பிறரிடமிருந்து விலகியிருத்தல் ஆகியவை சிலருக்கு உதவின. ஆனால் அந்நோயைத் தீர்க்கும் ஆற்றல் 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அதன் பின் வந்த மருந்துகளுக்கும்தான் இருந்தது. அந்தக் காலத்தின் ஒரு வேடிக்கையான மிச்சம் சுவிட்சர்லாந்தின் அரோசாவில் இருக்கிறது. மலையின் வெயிலிலும் காற்றிலும் நோயாளிகளைத் தேற்றுவது எது என்று கண்டறிவதற்காக 1921இல் பால் கோட்ஸ் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1926 முதல் அங்கு தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோன் அளக்கப்பட்டு வந்தது. மருந்தைத் தேடிப்போன அந்த முயற்சி, உலகிலேயே மிக நீண்ட ஓசோன் பதிவேட்டை விட்டுச்சென்றது.

உயரத்தைத் தேர்ந்தெடுத்தல்

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். 1,500 மீட்டரில் அது கடல்மட்ட அளவைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. 2,500 மீட்டரில் கால் பங்கு குறைவு. 5,500 மீட்டரில் பாதி. 'மலையில் ஆக்சிஜன் அதிகம்' என்று சொல்வது ஆகவே தலைகீழான கூற்று. தூய காற்றை நாடிச் செல்பவர்களுக்கு 1,000 முதல் 2,000 மீட்டர் வரையிலான உயரமே ஏற்றது என்பது என் கருத்து. அந்த உயரத்தில் நுண்துகள் குறைந்திருக்கும், வெப்பம் தணிந்திருக்கும், உயரநோய் பெரும்பாலும் அண்டாது. அதற்கு மேல் செல்லச் செல்லக் காற்றின் தூய்மையில் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிதாகவும், ஆக்சிஜன் குறைவின் சுமை பெரிதாகவும் மாறுகின்றன.

2,500 மீட்டருக்கு மேல் தங்க வேண்டியிருந்தால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றை எதிர்பார்க்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதபடி பார்த்துக்கொண்டு, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பது மலையேற்ற மருத்துவம் வகுத்திருக்கும் நெறி. ஓய்விலும் மூச்சுத் திணறல், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கடுமையான இரத்தசோகை ஆகியவை உள்ளவர்கள் குறைந்த உயரத்துக்குச் செல்வதற்கும் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

பருவமும் நேரமும்

இங்குதான் பலரும் தவறு செய்கிறார்கள். அதிகாலைக் காற்றே தூய்மையானது என்ற பொதுவிதியை மலைக்கும் பொருத்திவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் இரவு நேரத்தில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து அடியில் தேங்குகிறது. அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்துகொள்கிறது. விறகு அடுப்புப் புகையும் வாகனப் புகையும் அந்த மூடிக்குள் சிக்கிக்கொள்வதால், குளிர்காலக் காலையில் அழகாகத் தெரியும் நீல மூட்டத்தில் பாதி புகையாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடாகி அந்த மூடி உடைந்த பிறகே பள்ளத்தாக்கின் காற்று தெளிகிறது. ஆகவே குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் தங்கியிருப்பவர் முற்பகலின் பிற்பாதியிலோ பிற்பகலிலோ நடப்பது நல்லது. அல்லது மூட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டி உயரமான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும்.

கோடையில் கணக்கு மாறுகிறது. வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவுகளில் மேல்நோக்கி வீசத் தொடங்கி, அடிவாரத்தின் மாசையும் அதிலிருந்து வழியிலேயே உருவாகும் ஓசோனையும் கொண்டுவருகிறது. நகரத்தில் பிற்பகலில் உச்சத்தைத் தொடும் ஓசோன், அதன் காற்றுவழியில் உள்ள சரிவுகளில் மாலையில்தான் உச்சத்தைத் தொடலாம். தெளிந்த வானம், அதிக வெப்பம், மென்மையான காற்று ஆகிய மூன்றும் தொடர்ந்து சில நாட்கள் நீடித்தால் ஓசோன் நாளுக்கு நாள் கூடும். சுற்றுலாவுக்கு மிக இனிமையானவை என்று நாம் கருதும் நாட்கள் பெரும்பாலும் இவைதான். அத்தகைய நாட்களில் கடினமான ஏற்றங்களை முற்பகல் 11 மணிக்கு முன் முடித்துவிட்டு, பிற்பகலை நிழலிலும் அறையிலும் கழிப்பது உகந்தது. சன்னல்களை மூடிய அறைக்குள் ஓசோன் வெளியில் இருப்பதில் ஒரு பகுதியே இருக்கும். சுவரும் திரைச்சீலையும் மீதியை உறிஞ்சிக்கொள்கின்றன. மேகமூட்டமும் மழையும் உள்ள நாட்களில் வெயில் இல்லாததால் ஓசோன் உருவாவது குறைகிறது. மழை நின்ற மறுநாள் காலை நடைக்கு இணையான நேரம் வேறில்லை.

தனித்து உயர்ந்த முகடுகளுக்கு இந்த நேரக்கணக்கு அதிகம் உதவாது. அங்கே ஓசோனின் அளவு நாள் முழுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், நேரத்தை மாற்றுவதைவிட உழைப்பின் வேகத்தைக் குறைப்பதே பலன் தரும்.

அளவீடுகளைப் படிக்கும் முறை

காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் அந்நேரத்தில் மிக மோசமாக உள்ள ஒரு மாசைக் குறிப்பது. அது எந்த மாசு என்பதைத் தனியே பார்க்க வேண்டும். ஓசோனுக்கு ஒரு மணி நேர அளவும் எட்டு மணி நேரச் சராசரியும் வேறுவேறாக வெளியிடப்படும். உடல்நலத்துக்கு எட்டு மணி நேரச் சராசரியே முக்கியமானது. பிபிபி அளவை இரண்டால் பெருக்கினால் கடல்மட்டத்தில் கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது தோராயமாகக் கிடைக்கும்.

அளவீடு எங்கே எடுக்கப்பட்டது என்பது இன்னும் முக்கியம். மலைமேல் நிலையம் இல்லாதபோது செயலிகள் அருகிலுள்ள ஊரின் எண்ணையே காட்டுகின்றன. அந்த நிலையம் பள்ளத்தாக்கின் சாலையோரத்தில் இருந்தால், அது காட்டும் நுண்துகள் அளவு முகட்டில் உள்ளதைவிட மிகையாகவும், ஓசோன் அளவு குறைவாகவும் இருக்கும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் செல்வதால் அந்த எண்ணைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிடவும் முடியாது. அத்தகைய இடங்களில் வானிலையே சிறந்த வழிகாட்டி.

கருவி இல்லாதவர்கள் ஷோன்பைன் பயன்படுத்திய முறையையே முயன்று பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் வடிநீரில் 5 கிராம் கார்ன்ஃப்ளோர் மாவைக் கரைத்து, கூழ் கண்ணாடிபோல் தெளியும் வரை கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி 1 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்துக் கலந்து, ஆறிய பின் வடிதாளின் இருபுறமும் தூரிகையால் சீராகத் தடவி, இருட்டில் உலர்த்திப் பட்டைகளாக வெட்டிக் காற்றுப் புகாத உறையில் வைக்கலாம். ஒரு பட்டையை நேரடி வெயில் படாத வெளியிடத்தில் எட்டு மணி நேரம் தொங்கவிட்டுப் பிறகு வடிநீரில் நனைத்தால், ஓசோன் விடுவித்த அயோடின் மாவோடு சேர்ந்து வெளிர் ஊதாவிலிருந்து நீலம் வரை நிறம் காட்டும். காற்றின் ஈரப்பதம் கூடினால் நிறமும் கூடும் என்பதும், நைட்ரஜன் டைஆக்சைடும் இதே நிறத்தைத் தரும் என்பதும் இம்முறையின் குறைகள். ஒரே இடத்தில், ஈரப்பதம் ஒத்த நாட்களை ஒப்பிடுவதற்கு மட்டுமே இதைக் கொள்ள வேண்டும். பள்ளி மாணவர்களுடன் செல்பவர்களுக்கு இது ஒரு நல்ல பொழுதாகவும் அமையும்.

இலைகளும் பேசும். அகன்ற இலைகளின் மேற்பரப்பில், நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பகுதிகளில் மட்டும் ஊதாவோ பழுப்போ ஆன நுண்புள்ளிகள் நெருக்கமாகத் தோன்றி, அவை இளம் இலைகளைவிட முதிர்ந்த இலைகளில் மிகுந்திருந்தால், ஓசோன் தாக்கியிருக்கலாம் என்று ஐயுறலாம். சில பைன் மரங்களின் ஊசியிலைகளில் மஞ்சள் திட்டுகள் விழும். ஒரு பருவம் முழுவதும் அந்த இடத்தின் காற்று எப்படி இருந்தது என்பதை அவை சொல்கின்றன.

நடக்கும்போது

ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். செங்குத்தான ஏற்றத்தில் அது 40 லிட்டரையும் எளிதில் தாண்டும். உள்ளே செல்லும் ஓசோனும் அதே விகிதத்தில் கூடுகிறது. எனவே ஓசோன் மிகுந்த நாளில் நான்கு மணி நேரம் விரைந்து ஏறுவதும், அதே பாதையில் நின்று நின்று ஏறுவதும் நுரையீரலுக்கு ஒன்றல்ல. வாய்விட்டு இரண்டு வாக்கியம் பேச முடிகிற வேகமே போதுமான அளவுகோல். முடிந்தவரை மூக்கால் சுவாசிப்பது ஓசோனின் ஒரு பகுதியை அங்கேயே தடுப்பதோடு, குளிர்ந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கி ஈரமாக்கியும் அனுப்புகிறது. குளிர்காற்றே இளைப்பைத் தூண்டும் இயல்புடையவர்கள், மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்வதும், மருத்துவர் சொல்லியிருந்தால் ஏறுவதற்கு முன் இன்ஹேலரைப் பயன்படுத்துவதும் நல்லது. இன்ஹேலர் எப்போதும் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும். மூட்டையின் அடியில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

முகக்கவசம் ஓசோனைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். என்95 வகை நுண்துகளைத் தடுக்கும். காட்டுத்தீப் புகையின்போது மிகவும் பயன்படும். வாயுவாகிய ஓசோன் அதன் வழியே கடந்துவிடும். கரிப்படலம் சேர்த்த கவசங்கள் ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அவற்றை அணிந்துகொண்டு மலையேறுவது எளிதன்று.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. புதிய பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. குளிராக இருப்பதால் தோல் சுடுவது தெரிவதில்லை. தொப்பி, வெயில் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை அவசியம்.

தங்கும் அறைக்குள் கவனிக்க வேண்டியவை

நாள் முழுவதும் தூய காற்றைத் தேடி நடந்துவிட்டு, இரவில் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு புகைபோக்கி சரியில்லாத கணப்பின் முன் அமர்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் இழுக்கும் நுண்துகள், பகல் முழுவதும் தவிர்த்ததைவிட அதிகமாக இருக்கக்கூடும். மூடிய அறையில் கரிக்கணப்பை எரியவிட்டு உறங்குவது கார்பன் மோனாக்சைடு நஞ்சால் உயிரையே பறிக்கும். கணப்பு வேண்டுமெனில் புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்த்து, சன்னலைச் சிறிது திறந்து வைத்து, உறங்கும் முன் அணைத்துவிட வேண்டும்.

'மலைக்காற்றை வீட்டுக்கே கொண்டுவரும்' என்று விற்கப்படும் ஓசோன் உமிழும் கருவிகளை வாங்க வேண்டாம். மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவில் அந்த வாயு கிருமியையும் கொல்வதில்லை, நாற்றத்தையும் போக்குவதில்லை. அவற்றைச் செய்யும் அளவில் அது மனிதரின் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியே ஓசோனை ஒரு நச்சு வாயு என்று குறிப்பிட்டு, கருவிகள் வெளிவிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. எலுமிச்சை, பைன் மணமுள்ள நறுமணத் தெளிப்பான்களோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் புதிய நுண்துகள்களும் உருவாகின்றன. 'செயலூட்டிய ஆக்சிஜன்' என்ற அழகான பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே வாயுதான். நுண்துகளை வடிகட்டும் ஹெப்பா வகைக் கருவி போதுமானது. அது ஓசோனை உருவாக்காதது என்பதை வாங்கும்போது உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இறங்கி வந்த பிறகு

நடையின் முடிவில் ஆழமூச்சுக்கு இருமல் வந்தால் அன்றைய மீதிப்பொழுதை உழைப்பின்றி, சன்னல் மூடிய அறையில் கழித்து, மறுநாள் காலை மீண்டும் ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்கலாம். எரிச்சல் தணிந்திருந்தால் குறைந்த தொலைவு நடக்கலாம். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் உச்ச ஊதுவேகமானி (பீக் ஃப்ளோ மீட்டர்) வைத்திருக்கும் ஆஸ்துமா நோயாளிகள், பயணத்துக்கு முன் ஒரு வாரமும் பயணத்தின்போதும் திரும்பிய பின் ஒரு வாரமும் காலை மாலை அளவைக் குறித்துவைத்தால், மலை தங்களுக்கு என்ன செய்தது என்பதை எண்களாகவே காண்பார்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் சிலவகை மானிகள் சற்று மாறுபட்டுக் காட்டக்கூடும் என்பதால், மேலே எடுத்த அளவுகளை மேலே எடுத்தவற்றோடும், கீழே எடுத்தவற்றைக் கீழே எடுத்தவற்றோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் இளைப்பு நீடித்தாலோ, இன்ஹேலரின் தேவை வழக்கத்தைவிடக் கூடினாலோ, அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.